குச்சிக்கிழங்கிலிருந்து எத்தனால்: எங்கே தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது

சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் குச்சிக்கிழங்கு என்றால்தான் சட்டென்று புரியும். மற்ற ஊர்க்காரர்களுக்கு மரவள்ளி. ஆத்தூர், ராசிபுரம், அரூர் வட்டாரங்களில் விலை விழுந்த வருடங்களில், வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டாது என்று கிழங்கைக் காட்டிலேயே விட்டுவிடுபவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2018-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, எத்தனால் எடுக்கத் தகுந்த பொருள்களில் மரவள்ளியையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதற்குப் பிறகு கல்லூரி மாணவர்கள், சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர்கள், உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் என்று பலர் சிறிய அளவில் சோதனை செய்யத் தொடங்கினார்கள். எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, "தொட்டி நின்னுபோச்சுங்க" என்றுதான் ஆரம்பிக்கும். தொட்டியில் நொதித்தல் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் இல்லாமல் ஊறல் போடுவதும் காய்ச்சி வடிப்பதும் குற்றம். "எரிபொருளுக்காகத்தான் செய்தேன்" என்ற விளக்கம் அங்கே எடுபடாது. உரிமத்துடன் இயங்கும் ஆலைகளிலும் சோதனைக்கூடங்களிலும் வேலை செய்பவர்களுக்காக எழுதுகிறேன். இதில் வரும் எதுவும் வாயில் வைப்பதற்கானது அல்ல.

வேலையின் வரிசை இது: கிழங்கை அரைத்து, என்சைம் (நொதி) போட்டுக் குக்கரில் கஞ்சி காய்ச்சி மாவை உடைப்பது; குளிரவைத்துத் தொட்டியில் ஈஸ்ட் போட்டு நொதிக்கவிடுவது; பிறகு காய்ச்சி வடித்து, மீதித் தண்ணீரை எடுப்பது. குறை எங்கே என்று தேட, சரியாக நடந்தால் என்ன கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணக்கை அடிப்படையாக வைத்துக்கொள்வோம். தோல் சீவிய கிழங்கு 60 கிலோ, தண்ணீர் 50 லிட்டர். ஏறக்குறைய 100 லிட்டர் கஞ்சி. கிழங்கில் 27 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் 16.2 கிலோ மாவு. மாவு உடையும்போது தண்ணீரையும் சேர்த்துக்கொள்வதால் அது 18 கிலோ குளுக்கோஸாகக் கூடும். ஈஸ்ட் அதை முழுக்கத் தின்றால் 9.2 கிலோ எத்தனால், அதாவது 11.6 லிட்டர். நடைமுறையில் இதில் 85 முதல் 90 சதவீதம் கிடைக்கும். ஆக 10 லிட்டர் வந்தால் உங்கள் வேலை நன்றாக நடக்கிறது. 7 என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஓட்டையைத் தேட ஐந்து பொருள் போதும்: வெப்பமானி, பிஎச் (அமிலத்தன்மை அளவு) மீட்டர், திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர், ஒரு புட்டி அயோடின், சமையலறைத் தராசு. தொட்டியில் குறை தெரிந்தவுடன் ஈஸ்ட்டையோ யூரியாவையோ கூடுதலாகக் கொட்டத் தோன்றும். கொட்டாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். நான் பார்த்த குறைகளில் பெரும்பாலானவை தொட்டிக்கு வருமுன்னரே, குக்கரிலோ கிழங்கு வண்டியிலோ பிறந்தவை. தொட்டியில் எதைக் கொட்டினாலும் அவை தீராது.

"கஞ்சி களியாகிப் போச்சு, கலக்கி சுத்த மாட்டேங்குது"

குச்சிக்கிழங்கு மாவு 60 டிகிரியைத் தாண்டியதும் தண்ணீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கும். 65, 70-க்குள் மொத்தமும் பசையாகிவிடும். மக்காச்சோளத்தில் வேலை செய்து பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். குச்சிக்கிழங்குப் பசை அதைவிட முன்னதாகவே, அதைவிடக் கெட்டியாக எழும். அந்தக் கட்டத்தில் கஞ்சிக்குள் ஆல்ஃபா அமைலேஸ் என்ற, மாவை வெட்டும் என்சைம் இல்லாவிட்டால் மோட்டார் திணறும், அடி பிடிக்கும், நடுவில் வேகாத கட்டி நிற்கும்.

என்சைமை எப்போது போட்டீர்கள் என்பதே முதல் கேள்வி. "90 டிகிரி வந்ததும் போட்டேன்" என்றால் அதுதான் காரணம். அரைத்த கிழங்கு 50 டிகிரியில் இருக்கும்போதே மூன்றில் ஒரு பங்கு என்சைமைப் போட்டுக் கலக்கிவிட்டு, அதன்பிறகு சூட்டை ஏற்றுங்கள். மாவு வீங்க வீங்க என்சைம் அதை வெட்டிக்கொண்டே வரும். பசை உச்சத்துக்குப் போகாது. 85 முதல் 90 டிகிரியில் மீதியைப் போட்டு, ஒன்றரை மணி நேரம் அதே சூட்டில் வையுங்கள். சரியாக நடந்தால், கரண்டியில் எடுத்துச் சாய்க்கும்போது ரசம் போல ஓடும். கொழகொழவென்று நூல் இழுத்தால் இன்னும் ஆகவில்லை.

என்சைமை முன்னதாகப் போட்டும் களியானால் பிஎச் பாருங்கள். வழக்கமான ஆல்ஃபா அமைலேஸுக்கு 5.5 முதல் 6.5 வரை வேண்டும். இரண்டு நாள் கிடந்த கிழங்கை அரைத்தால் அது ஏற்கெனவே புளித்து 4.5-க்கு இறங்கியிருக்கும். அப்படியானால் சுண்ணாம்புத் தெளிநீர் விட்டு ஏற்றிக்கொள்ளலாம். அடுத்தது தண்ணீர். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம் என்று எல்லோரும் குறைபடுவார்கள், ஆனால் இந்த என்சைமுக்கு அந்தக் கால்சியம் வேண்டியிருக்கிறது. ஆர்ஓ தண்ணீர்தான் சுத்தம் என்று நினைத்து அதிலேயே கஞ்சி காய்ச்சிய ஒரு குழு, மூன்று முறை தோற்றபிறகு போர்வெல்லுக்கு மாறி வெற்றி பெற்றது. ஆர்ஓ தண்ணீர்தான் இருக்கிறது என்றால் 100 லிட்டருக்கு 15 கிராம் கால்சியம் குளோரைடு சேருங்கள்.

என்சைம் செத்திருக்கவும் வாய்ப்புண்டு. சேலத்து மே மாத வெயிலில் தகரக் கொட்டகை அலமாரியில் வைத்த கேன் எத்தனை நாள் தாங்கும்? குளிர்பெட்டியில் வையுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு டம்ளரில் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, 80 டிகிரிக்கு வந்ததும் நாலு சொட்டு என்சைம் விட்டுக் கலக்குங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீராகிவிட்டால் என்சைம் உயிரோடு இருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் பச்சைக் கிழங்குக் கஞ்சி மட்டும் கொழகொழவென்று நின்றால் அது மாவின் வேலையல்ல. கிழங்கின் நாரிலும் செல் சுவரிலும் உள்ள பெக்டின்தான் காரணம். பெக்டினேஸும் செல்லுலேஸும் கலந்த என்சைம் கொஞ்சம் போட்டு 45, 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் இளகும். ஆனால் அந்தச் செல்லுலேஸ் கலவை கிழங்கில் உள்ள சயனைடு சேர்மத்தையும் உடைக்கும். ஆகவே மூடியைத் திறந்து, காற்றோட்டமாக வைத்துச் செய்யுங்கள்.

"அயோடின் நீலம் வருது" அல்லது "வரவே இல்லை"

இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஐந்து ரூபாய் செலவில்லாமல், குக்கரில் நடந்த முழுக் கதையையும் ஒரு வெள்ளைத் தட்டில் சொல்லிவிடும். கஞ்சியிலிருந்து ஒரு சொட்டு, அதன்மேல் தேநீர் நிறத்துக்கு நீர்த்த அயோடின் ஒரு சொட்டு. மருந்துக்கடை பீட்டாடினை நீர்த்தும் பார்க்கலாம். கருநீலம் வந்தால் மாவு அப்படியே இருக்கிறது. ஊதா, செம்பழுப்பு வந்தால் பாதி வெட்டுப்பட்டு டெக்ஸ்ட்ரின் எனும் சிறு துண்டுகளாக ஆகியிருக்கிறது. அயோடினின் சொந்த மஞ்சள் நிறமே நின்றால் வேலை முடிந்தது.

சென்ற வருடம் ஒரு மாணவர் அழைத்தார். தொட்டியில் 5 சதவீதம்கூட எத்தனால் இல்லை.

"அயோடின் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேன் சார், நீலமே வரலைங்க. மாவெல்லாம் முழுசா உடைஞ்சிருச்சுங்க."

"சொட்டை எங்கிருந்து எடுத்தீங்க?"

"குக்கர்ல இருந்து அப்படியே சூடா எடுத்தேனுங்க சார்."

அங்கேதான் கோளாறு. மாவும் அயோடினும் சேர்ந்து தரும் நீலம் சூட்டில் நிற்காது. 90 டிகிரிக் கஞ்சியில் மாவு முழுசாக இருந்தாலும் நிறம் காட்டாது. தட்டை ஆறவைக்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து அவர் அனுப்பிய படத்தில், மஞ்சளாக இருந்த சொட்டு ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கறுத்துக்கொண்டே வந்திருந்தது. சொட்டை எப்போதும் ஆறவைத்துச் சோதியுங்கள். சுண்ணாம்பு கூடிக் காரத்தன்மை ஏறிய கஞ்சியிலும் நிறம் வராது, அதையும் நினைவில் வையுங்கள்.

ஆறிய சொட்டும் நீலமாகவே இருந்தால் கஞ்சியைக் குளிரவிடாதீர்கள், அது முக்கியம். அரைகுறையாக வெந்த மாவு ஆறும்போது மறுபடி இறுகிப் படிகமாகும். நேற்று வைத்த சோறு விறைப்பது போலத்தான். அப்படி இறுகியதை எந்த என்சைமும் எளிதில் தொடாது. சூடாக இருக்கும்போதே பிஎச் சரிபார்த்து, இன்னொரு பங்கு ஆல்ஃபா அமைலேஸ் போட்டு, 90 டிகிரியில் இன்னும் ஒரு மணி நேரம் வையுங்கள். கஞ்சி முழுக்க மஞ்சள், நடுவில் மட்டும் நீலப் புள்ளிகள் என்றால் அரைப்பு சரியில்லை. பெரிய துண்டுகளின் நடுவில் மாவு வேகாமல் நிற்கிறது. சல்லடையை மாற்றுங்கள்.

"ஈஸ்ட் போட்டு 12 மணி நேரமாச்சு, ஒரு குமிழிகூட இல்லை"

மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் காற்று வேறு இடுக்கு வழியாகப் போய்க்கொண்டிருக்கும். வாயு வெளியேறுவதைக் காட்டும் குமிழிப் புட்டி சும்மா நிற்கும். ஹைட்ரோமீட்டர் இறங்கியிருந்தால் நொதித்தல் நடக்கிறது, விட்டுவிடுங்கள்.

உண்மையாகவே நின்றிருந்தால், ஈஸ்ட் போட்டபோது கஞ்சி எத்தனை டிகிரி என்பதுதான் கேள்வி. மேலே கை வைத்துப் பார்த்துவிட்டு "வெதுவெதுன்னு இருந்துச்சு" என்பார்கள். 100 லிட்டர் கஞ்சியில் மேல் அடுக்கு 35 இருந்தால் நடுவில் 50 இருக்கும். கலக்கிவிட்டு நடுவில் அளந்து, 32 டிகிரிக்கு வந்தபிறகே ஈஸ்ட் போட வேண்டும். 45-க்கு மேல் விழுந்த ஈஸ்ட்டைப் பிழைக்கவைக்க முடியாது. புதிதாகத்தான் போட வேண்டும்.

உலர் ஈஸ்ட்டை அப்படியே கஞ்சியில் தூவுவதும் வழக்கமாக நடக்கும் தவறு. லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் 100 கிராம் எடுத்து, அதன் பத்து மடங்கு வெதுவெதுப்பான தண்ணீரில், 35 முதல் 38 டிகிரிக்குள், இருபது நிமிடம் ஊறவிடுங்கள். ஒரு கரண்டி சர்க்கரை போட்டால் அது நுரைத்து எழுவதைக் கண்ணால் பார்க்கலாம். நுரைக்காத ஈஸ்ட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

ஈஸ்ட்டும் சூடும் சரியாக இருந்தால் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆல்ஃபா அமைலேஸ் மாவை டெக்ஸ்ட்ரினாக மட்டும் வெட்டும். ஈஸ்ட்டால் டெக்ஸ்ட்ரினைத் தின்ன முடியாது. குளுக்கோஅமைலேஸ்தான் அதைக் குளுக்கோஸாக்குகிறது. கஞ்சி ரசம் போல ஓடுகிறதே, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து அந்த இரண்டாவது என்சைமை மறந்தவர்கள் உண்டு. அதற்குப் பிஎச் 4 முதல் 4.5 வரை வேண்டும். 60 டிகிரியில் வேகமாக வேலை செய்யும், 32 டிகிரியில் ஈஸ்ட்டோடு சேர்ந்து மெதுவாகவும் செய்யும். நான் இரண்டையும் தொட்டியிலேயே ஒன்றாகப் போடுவதை விரும்புகிறேன். சர்க்கரை உருவாக உருவாக ஈஸ்ட் தின்றுவிடுவதால் வேண்டாத பாக்டீரியாவுக்குத் தீனி மிஞ்சாது. மறந்துவிட்டால் பதற வேண்டாம், இப்போது போட்டாலும் வேலை செய்யும்.

"முதல் நாள் நல்லா பொங்குச்சு, ரெண்டாம் நாள் நின்னுபோச்சு"

பெரும்பாலும் சூடுதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வெப்பம் வரும். நம் கணக்குக் கஞ்சியில் லிட்டருக்கு 180 கிராம் சர்க்கரை; அந்த வெப்பம் வெளியே போக வழியில்லையென்றால் கஞ்சியின் சூடு 20 டிகிரிக்கு மேல் ஏறும். 20 லிட்டர் கேனில் இது தெரியாது, சுவர் வழியாக வெப்பம் போய்விடும். அதே முறையை 500 லிட்டர் தொட்டிக்குக் கொண்டுபோகும்போதுதான் அடி விழும். பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டியின் நடுவில் அளந்து பாருங்கள். 36-ஐத் தாண்டியிருந்தால் ஈஸ்ட் தளர்ந்துகொண்டிருக்கிறது, எத்தனாலும் சேர்ந்திருப்பதால் இரட்டை அடி. தொட்டியைச் சுற்றிச் சாக்கு கட்டித் தண்ணீர் விடுவது எளிய வழி. உள்ளே செம்புக் குழாய்ச் சுருள் போட்டுத் தண்ணீர் ஓட்டுவது நிச்சயமான வழி. மாலையில் ஈஸ்ட் போட்டால் வேகமான முதல் கட்டம் இரவுக் குளிரில் நடக்கும், இதையும் கடைப்பிடிக்கலாம்.

சூடு 32-லேயே நின்றும் தொட்டி தூங்கினால் ஈஸ்ட் பட்டினி கிடக்கிறது. குச்சிக்கிழங்கில் மாவு உண்டு, புரதம் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் இல்லை. ஈஸ்ட் பெருக நைட்ரஜன் வேண்டும். 100 லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் யூரியா, அல்லது 50 கிராம் டிஏபி, தொடக்கத்திலேயே போட வேண்டும். பாதியில் போட்டால் முழுப் பலன் இல்லை. உரக்கடை யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். 2015 முதல் உள்நாட்டு விவசாய யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதைத் தொழிலுக்குத் திருப்புவது சட்டப்படி குற்றமும்கூட. தொழிற்சாலை உபயோகத்துக்கான யூரியா தனியாகக் கிடைக்கிறது. ஈஸ்ட் போடும் முன் கஞ்சியை நன்றாக அடித்துக் காற்றேற்றுவதும் உதவும். முதல் சில மணி நேரம் ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும், அதன்பிறகு மூடிவிடலாம்.

இன்னொன்று உண்டு, உண்மையில் அது குறையே அல்ல. "பிரிக்ஸ் 6-க்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது, இன்னும் சர்க்கரை இருக்கு" என்று ஈஸ்ட்டை மறுபடி மறுபடி போடுகிறவர்கள் உண்டு. ஒளிவிலகலை வைத்துச் சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் மீட்டரை எத்தனால் ஏமாற்றிவிடும். 10 சதவீத எத்தனால் உள்ள, சர்க்கரையே இல்லாத வாஷும் (தொட்டியில் உள்ள நொதிக்கும் கஞ்சி) அதில் 5, 6 காட்டும். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுங்கள். 1.000-க்கு அருகில் நின்றால் நொதித்தல் முடிந்துவிட்டது.

எனக்கு இதைவிடப் பிடித்தது தராசு. தொட்டியில் ஊற்றும்போதே ஒரு லிட்டர் வாஷைத் தனிப் புட்டியில் எடுத்து, மூடியில் ஊசித் துளை போட்டு, பக்கத்தில் வைத்துவிடுங்கள். காலையும் மாலையும் எடை போடுங்கள். எடை குறைவதெல்லாம் கரியமில வாயு வெளியேறுவதால். 1 கிராம் குறைந்தால் 1.05 கிராம் எத்தனால் உண்டாகியிருக்கிறது. நம் கணக்குப்படி மூன்று நாளில் லிட்டருக்கு 75 கிராம் குறைய வேண்டும். புட்டி இறங்கித் தொட்டி நின்றால் குறை தொட்டியின் சூட்டில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நின்றால் கஞ்சியில் இருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுத்தபிறகு எனக்கு வரும் அழைப்புகள் பாதியாகக் குறைந்தன.

"புளிச்ச மோர் வாடை"

நல்ல வாஷ் பழ வாசனையும் ரொட்டி மாவு வாசனையும் கலந்து இருக்கும். மோர் வாடை லாக்டிக் பாக்டீரியாவைச் சொல்கிறது. மூக்கில் ஏறும் காடி வாடை அசிட்டிக் அமிலத்தைச் சொல்கிறது. பிஎச் 4.5-இல் தொடங்கி 3.6-க்குக் கீழே போயிருந்தால் உறுதி. ஒவ்வொரு குளுக்கோஸையும் பாக்டீரியா அமிலமாக்கும்போது உங்கள் எத்தனாலைத்தான் தின்கிறது. சேர்ந்த அமிலம் ஈஸ்ட்டையும் அடக்கும்.

90 டிகிரியில் வெந்த கஞ்சிக்குள் அவ்வளவு பாக்டீரியா பிழைத்திருக்காது. அப்படியென்றால் குளிரவைக்கும் வழியில் வந்திருக்கிறது. குழாயைக் கழற்றிப் பாருங்கள். வால்வுக்குப் பின்னால், வளைவுகளில், கஞ்சி தேங்கும் முட்டுச் சந்துகளில் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அதைத் தேய்த்து, 2 சதவீதக் காஸ்டிக் கரைசலைச் சூடாக ஓட்டி, பிறகு கொதிநீர் ஓட்டுங்கள். வெறும் தண்ணீரில் கழுவுவது போதாது. கஞ்சி 60-லிருந்து 32-க்கு இறங்க இரவு முழுக்க எடுத்துக்கொண்டால் அதுவும் பாக்டீரியாவுக்கு விருந்து. வேகமாகக் குளிரவையுங்கள், குளிர்ந்தவுடன் தாராளமாக ஈஸ்ட் போடுங்கள், பிஎச்சை 4.5-இலிருந்து தொடங்குங்கள்.

ஏற்கெனவே புளித்துவிட்ட தொட்டியில் சர்க்கரை பெருமளவு மிச்சமிருந்தால், புதிய ஈஸ்ட்டை இரட்டிப்பாகப் போட்டு ஒரு நாள் பார்க்கலாம். இல்லாவிட்டால் இருப்பதைக் காய்ச்சி வடித்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போங்கள். முந்தைய தொட்டியின் ஈஸ்ட்டை மறுபடி பயன்படுத்துபவர்கள், நீர்த்த கந்தக அமிலத்தால் பிஎச்சை 2.2-க்கு இறக்கி இரண்டு மணி நேரம் வைத்தால் பாக்டீரியா மடியும், ஈஸ்ட் தாங்கும். பிரேசில் ஆலைகளில் இது அன்றாட நடைமுறை. ஆன்டிபயாடிக் போடும் ஆலைகளும் இருக்கின்றன. எனக்கு அதில் சம்மதமில்லை. நம் ஊரில் திப்பியும் (கிழங்குச் சக்கை) கழிவுநீரும் கடைசியில் மாட்டுத் தொட்டிக்கோ வயலுக்கோ போகின்றன.

"நுரை வழிஞ்சு ஓடுது"

தொட்டியில் கால்பங்கு இடம் காலியாக விடுங்கள். ஒரு கரண்டி கடலை எண்ணெய் நுரையை அடக்கும். வேறு கவலை வேண்டாம்.

"தொட்டிப் பக்கம் போனா தலை சுத்துது"

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். இங்கே இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன.

அரைக்கும் கட்டத்தில் தலை சுற்றினால் ஹைட்ரஜன் சயனைடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைக்கு வரும் எச்-226, எச்-165 போன்ற ரகங்களில் லினமாரின் என்ற சயனைடு சேர்மம் உண்டு, தோலில் இன்னும் அதிகம். கிழங்கை அரைத்தவுடன் அதிலேயே உள்ள ஒரு நொதி அதை உடைக்கும், சயனைடு வெளிவரும். அதன் கொதிநிலை 26 டிகிரி. நம் ஊர் வெயிலில் அது வாயுதான். தோலை முழுக்கச் சீவுங்கள். அரைத்ததைத் திறந்த வெளியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, மூடி திறந்த குக்கரில், புகைபோக்கி ஓட, சூடேற்றுங்கள். மூடிய அறையில் குக்கருக்கு மேல் குனிந்து பார்க்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

நொதிக்கும் கட்டத்தில் என்றால் கரியமில வாயு. 100 லிட்டர் வாஷ் மூன்று நாளில் ஏறக்குறைய 7.5 கிலோ, அதாவது 4,000 லிட்டருக்கு மேல் வாயுவை வெளியிடும். அது காற்றைவிடக் கனம். தரையோடு படியும், குழிக்குள் தேங்கும், நிறமும் இல்லை. காலியான தொட்டியைக் கழுவ உள்ளே இறங்குகிறவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். தொட்டிக்குள் ஆள் இறங்காமல், நீண்ட கைப்பிடித் தூரிகையால் கழுவுவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். தொட்டி அறையில் தரை மட்டத்தில் காற்றாடி ஓடட்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரிடமும் சமரசம் செய்துகொள்வதில்லை.

"எல்லாம் சரி, எத்தனால் மட்டும் குறைவு"

கிழங்கைப் பாருங்கள். ஒன்றை உடைத்தால் உள்ளே நீலக்கறுப்பு நரம்புகள் ஓடியிருக்கிறதா? வெட்டிய இரண்டு மூன்று நாளில் இது வந்துவிடும். கிழங்கு கெடத் தொடங்கி, மாவு குறைந்துகொண்டிருக்கிறது. வெட்டிய மறுநாளே அரைக்க முடியாதவர்கள் சீவி, சிப்ஸாக நறுக்கிக் காயவைத்துவிடுவது நல்லது. காய்ந்த சிப்ஸில் மாவு 65, 70 சதவீதம் வரை வரும், மாதக்கணக்கில் நிற்கும். களத்து மண் கலந்து பம்பைத் தேய்த்துவிடும் என்பதால் கழுவிவிட்டு அரையுங்கள்.

கெடாத கிழங்கிலும் மாவு ஒரே அளவில் இருக்காது. மழைக்குப் பிறகு வெட்டியதில் தண்ணீர் அதிகம், 22 சதவீதம் மாவு என்றால் நம் 10 லிட்டர் கணக்கு 8-க்கு இறங்கிவிடும். உங்கள் வேலையில் எந்தத் தவறும் இல்லை. சேகோ ஆலைகளில் கிழங்கைத் தண்ணீருக்குள் எடை போட்டு "பாயிண்ட்" பார்த்து விலை பேசுவார்கள். அந்தப் பாயிண்டை ஒவ்வொரு லோடுக்கும் எழுதிவைத்து அதன்படி கணக்கிடுங்கள்.

"காய்ச்சும்போது அடி பிடிக்குது"

நார் அடியில் தங்கிக் கருகுகிறது. வாஷைத் துணியில் வடிகட்டி, திப்பியைப் பிழிந்து எடுத்துவிட்டு ஊற்றுங்கள், அல்லது நீராவியை நேரடியாகச் செலுத்துங்கள். நெருப்பை அடியில் வைத்துக் காய்ச்சும் அமைப்பை நான் பரிந்துரைப்பதே இல்லை. எத்தனாலிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி எழ அறைச் சூடே போதும்.

"பெட்ரோல்ல கலந்தா பிரிஞ்சு நிக்குது"

தண்ணீர் இருக்கிறது. எவ்வளவு காய்ச்சி வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் எத்தனால் ஏறாது. அந்த விகிதத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தே ஆவியாகும். வடிகலனைக் குறை சொல்லிப் பயனில்லை. வாகன எரிபொருளுக்கு ஐஎஸ் 15464 என்ற இந்தியத் தரக் குறியீடு கேட்பது 99.5 சதவீதம். மீதித் தண்ணீரை மூலக்கூறு சல்லடைதான் எடுக்கும். 3 ஆங்ஸ்ட்ராம் துளை கொண்ட ஜியோலைட் மணிகள் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதைவிடப் பெரிய எத்தனால் வெளியே நிற்கும். முதல் சில தடவை நன்றாக வந்து பிறகு தரம் இறங்கினால் மணிகள் நிறைந்துவிட்டன. எத்தனாலை முழுக்க வடித்து, ஆவி போகக் காற்றோட்டிய பிறகு 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி உலர்த்துங்கள். எத்தனால் ஈரத்தோடு அடுப்பில் வைத்தால் வெடிக்கும்.

"என் மீட்டர் 98 காட்டுதே" என்பவர்கள் திரவத்தின் சூட்டைப் பாருங்கள். ஆல்கஹால் மீட்டர் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது என்றால், 35 டிகிரி எத்தனாலில் அது ஏறக்குறைய 3 புள்ளி கூட்டிக் காட்டும். ஐஸ் தண்ணீரில் ஜாடியை நிறுத்தி 20-க்குக் கொண்டுவந்து படியுங்கள். அளந்து சரியாக இருந்த எத்தனாலும் ஒரு வாரத்தில் கலங்கினால் மூடியைச் சோதியுங்கள். உலர்ந்த எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டிரம்மை நிறைய ஊற்றி, ரப்பர் வளையம் வைத்த மூடியை இறுக்கி, நிழலில் வையுங்கள். எடுப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மறுபடி அளவு பாருங்கள்.